நான்கு கார் தூரம்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அந்தத் தெருக்களில் அதைக் கேட்டறிந்தவர் யாரும் இல்லை. "தள்ளிப் போங்க, கொஞ்சம் தள்ளிப் போங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே நடக்கிறவளுக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தள்ளியக்கா என்று பட்டம் கட்டினார்கள். பெரியவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் அவள் வீட்டுக்காரரே ஒரு நாள் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு, அன்றைக்கு மத்தியானம் வரை வாங்கிக் கட்டிக்கொண்டார்.

தொழில், நாய் நடத்துவது. வாலை ஆட்டிக்கொண்டு போகிறவர் வருகிறவர் காலையெல்லாம் நக்குகிற செல்லங்களை நடத்த ஊரில் ஆயிரம் பேர் உண்டு. தள்ளியக்காவிடம் வந்து சேர்கிறவை அந்த ஆயிரம் பேரும் கை கழுவியவை. இன்னொரு நாயைக் கண்டால் நாலு காலும் தரையில் நிற்காது. முன்பின் தெரியாத ஆளைக் கண்டால் முதலில் நடுங்கும், நடுக்கம் முற்றினால் பாயும். இவற்றைக் கெட்ட நாய்கள் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். பயந்த நாய்கள் என்பாள். பயத்துக்கு மருந்து இடம். இடத்தைக் கொடுத்தால் அது பாட்டுக்குப் போகும் என்பாள். 'குரைக்கிற நாய் கடிக்காது' என்று ஒரு பழமொழி இருக்கிறதே, அதைக் கட்டிவிட்ட புண்ணியவான் மட்டும் அவள் கையில் கிடைத்தான் என்றால் தொலைந்தான். அதை நம்பிக் கையை நீட்டி, தையல் போட்டுக்கொண்டவர்களை அவள் விரல் விட்டு எண்ணுவாள்.

இந்த வேலைக்கு அவள் ஆசைப்பட்டு வரவில்லை. பதினாறு வருடம் ஓர் ஆலையில் சட்டைக் காலர் தைத்தாள். காலர் மட்டும்தான், முழுச் சட்டை ஒன்றைக்கூடத் தைத்ததில்லை. ஆலையை மூடினார்கள். வீட்டு வேலைக்குப் போன முதல் வீட்டில் கட்டிலுக்கடியை விட்டு வெளியே வராத நாய் ஒன்று இருந்தது. பெருக்கப் போனால் உறுமும். அவள் அதைத் திரும்பிப் பார்க்காமல், கட்டிலைச் சுற்றி ஒரு முழம் விட்டே பெருக்கினாள். மூன்று வாரம் கழித்து ஒரு நாள் அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அது வந்து அவள் பாதத்தின் மேல் மோவாயை வைத்தது. அவள் குழாயை மூடவில்லை, குனியவும் இல்லை, அப்படியே தேய்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரம்மா வாசலில் நின்று வாயைப் பிளந்தாள். ஒருத்தி சொல்ல இன்னொருத்தி கேட்க, இப்போது ஏழு வீடு.

அவளிடம் ஒரு கணக்கு உண்டு. எந்த நாய்க்கு எவ்வளவு தூரம் வேண்டும் என்பதை அவள் கார்களால் அளப்பாள். தெரு ஓரத்தில் வரிசையாக நிறுத்தியிருக்கிற கார்களில் எத்தனை காருக்கு அப்பால் இன்னொரு நாய் வந்தால் இது சும்மா இருக்கிறது, எத்தனையாவது காரில் மூச்சிரைப்பதை நிறுத்தி வாயை மூடிக்கொள்கிறது என்று பார்ப்பாள். வாயை மூடினால் விபரீதம் என்று அர்த்தம். அப்புறம் கோழித் துண்டை முகத்துக்கு நேரே ஆட்டினாலும் அது பார்க்காது. அந்தக் கணக்கில் ஒரு நாய் இரண்டு கார் நாய், இன்னொன்று மூன்று கார் நாய். மனிதருக்கும் இதே கணக்குத்தான். வீட்டுக்காரர், பள்ளி வேன் ஓட்டுகிறவர், அவருக்கு இடமே வேண்டாம். மேலே விழுந்தாலும் ஏன் என்று கேட்க மாட்டார். அவருடைய அக்கா, இவளுக்கு நாத்தனார், அதே வீட்டில் இருக்கிறவள், பத்து கார். இதை நாத்தனாரிடமே சொல்லியும் இருக்கிறாள். "பதினஞ்சா வச்சுக்கோ, எனக்கென்ன" என்றாள் அவள்.

செவலை நான்கு கார் நாய்.

இரண்டு தெரு தள்ளி ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் நாலாம் மாடியில் கணக்கு டீச்சர் ஒருவர் தனியாக இருந்தார். ஓய்வு பெற்றவர். இடுப்பெலும்பு உடைந்து ஆணி வைத்ததற்குப் பிறகு வீட்டுக்குள்ளேயே கோல் ஊன்றித்தான் நடப்பார். செவலை அவர் தெருவிலிருந்து தூக்கி வந்த குட்டி. வளர்ந்து கன்றுக்குட்டி உயரம் நின்றது. டீச்சரிடம் பூனை மாதிரி. மற்றவர்களிடம் அப்படியில்லை. முதல் வருடம் லிஃப்ட் கதவு திறந்தபோது எதிரே நின்ற பார்சல்காரரின் முழங்காலைக் கவ்விவிட்டது. குடியிருப்புச் சங்கம் கூடி எழுத்திலேயே கொடுத்துவிட்டது: இன்னும் ஒரு கடி, நாய் இந்தக் கட்டடத்தில் இருக்கக் கூடாது. இங்கிருந்து போனால் எங்கே போகும்? கடித்த பெயரெடுத்த நாயை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. காப்பகத்தில் விடலாம், கூண்டில் அடைத்த இப்படிப்பட்ட நாயை ஒன்றிரண்டு மாதம் பார்த்துவிட்டு ஊசி போட்டு முடித்துவிடுவார்கள் என்று கால்நடை மருத்துவர் மறைக்காமல் சொன்னார். டீச்சர் அதைக் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த வாரம் தள்ளியக்காவை வரச் சொல்லி, வீட்டுச் சாவி ஒன்றைக் கையில் கொடுத்தார்.

அந்தக் கட்டடத்தில் இப்படி மூன்று நாய்கள். இரண்டாம் மாடியில் கண் தெரியாத கிழட்டு நாய் ஒன்று. ஐந்தாம் மாடியில் ஓய்வு பெற்ற பேங்க்காரரின் வெள்ளையன். கழுத்தில் மணி, நாக்கில் சத்தம், எந்த நாயைக் கண்டாலும் வம்பு. மூன்றும் எதிரெதிரே வரக் கூடாது என்பதற்காக டீச்சர் ஓர் ஏற்பாடு செய்தார். மூன்று வீட்டுக்கும் போனில் ஒரு குரூப். நாயோடு வெளியே வரும்போது 'இறங்குகிறோம்' என்று போட வேண்டும். திரும்பி வந்து, நாயை உள்ளே விட்டு, கதவைத் தாழிட்ட பிறகு 'ஏறியாச்சு' என்று போட வேண்டும். நடுவில் மற்ற இரண்டு கதவும் திறக்காது. வீடே தீப்பிடித்தாலும் திறக்காது என்று பேங்க்காரர் விளையாட்டாகச் சொல்வார். ஆனால் அவர் ஒரு நாளும் தவறியதில்லை. வெள்ளையன் கதவைப் பிறாண்டிக்கொண்டிருக்கும். அவர் போனைப் பார்த்துக்கொண்டு செருப்போடு நிற்பார்.

தவறியது தள்ளியக்கா.

எப்போது ஆரம்பித்தது என்றால், ஒரு மழை நாளில். மழை என்றால் ஊருக்கெல்லாம் சலிப்பு, அவளுக்குக் கொண்டாட்டம். தெருவில் ஒரு ஈ காக்காய் இருக்காது, நாய்களை நிம்மதியாக நடத்தலாம். அன்று நனைந்த செவலையைத் துடைத்து, மார்ப்பட்டையைக் கழற்றி, தண்ணீர் வைத்து, போனை எடுப்பதற்குள் கால் மணி ஆகிவிட்டது. பேங்க்காரர் நின்று நின்று வெள்ளையன் வாசலிலேயே ஈரம் பண்ணிவிட்டது. அவர் கோபப்படக்கூட இல்லை. அவளுக்குத்தான் என்னவோ போலாகிவிட்டது. மறுநாளிலிருந்து கேட்டுக்குள் நுழைந்ததுமே 'ஏறியாச்சு' என்று போட ஆரம்பித்தாள். லிஃப்டில் சிக்னல் கிடைக்காது, மேலே போனால் கை ஒழியாது, கேட்டிலிருந்து கதவு வரை ஒரு நிமிஷம்தானே. ஒன்றும் ஆகவில்லை. ஆறு மாதம் ஒன்றும் ஆகவில்லை. இதுதான் பொல்லாதது. தப்பு செய்த அன்றைக்கே அடி விழுந்தால் மனுஷர் திருந்திவிடுவார்கள். விழாமல் போனால் அதற்குச் சாமர்த்தியம் என்று பெயர் வைத்துக்கொள்கிறோம். அவளும் வைத்துக்கொண்டாள். என்னால் யாரும் காத்திருப்பதில்லை என்று மனசுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மூன்று மணி வெயிலில் செவலை நன்றாக நடந்தது. தெருமுனையில் ஒரு சைக்கிள்காரர் வந்தார். அவள் ஓரமாய் நின்ற ஒரு வேனுக்குப் பின்னால் ஒதுங்கி, கோழித் துண்டைத் தரையில் சிதறி, அவரைப் போகவிட்டாள். செவலை மோந்து மோந்து பொறுக்கித் தின்றது. கேட்டுக்குள் நுழைந்தாள். கட்டை விரல் தானாகப் போய்ச் செய்தியைத் தட்டிற்று.

உள்ளே லிஃப்ட் கதவை ஒரு முக்காலி வைத்துத் திறந்து நிறுத்தியிருந்தார்கள். ஆறாம் மாடிக்குப் புதிதாகக் குடி வருகிறார்கள். பெட்டி பெட்டியாக லிஃப்ட் நிறைந்திருந்தது. இன்னும் பத்து நிமிஷம் ஆகும் என்றார் சுமை தூக்குகிறவர். அங்கே நின்றால் போகிற வருகிற ஆட்கள் செவலையை உரசிக்கொண்டு போவார்கள். வெளியே போய் நிற்கலாம். வெயிலில் அதன் பாதம் ஏற்கெனவே சுட்டிருந்தது. படியேறிவிடலாம் என்று முடிவு செய்தாள். போட்ட செய்தி அவள் நினைவிலேயே இல்லை. கை பழகிச் செய்வதை மனசு எழுதி வைத்துக்கொள்வதில்லை.

மூன்றாம் மாடித் திருப்பத்தைத் தாண்டியபோது மேலேயிருந்து மணிச் சத்தம் வந்தது.

அந்த நொடியில்தான் செய்தி நினைவுக்கு வந்தது. மேலே பேங்க்காரர் அதைப் பார்த்துக் கதவைத் திறந்திருக்கிறார்; லிஃப்ட் வராததால் படியில் இறங்குகிறார். திரும்பிக் கீழே போக நினைத்தாள். கீழே இரண்டு பேர் "ஓரம், ஓரம்" என்று கத்திக்கொண்டு ஒரு நீளமான சோபாவைத் தூக்கி ஏறிக்கொண்டிருந்தார்கள். சோபா படிக்கட்டின் அகலத்தை அடைத்திருந்தது. நான்கு கார் வேண்டிய நாய்க்கு அங்கே அரைக் கார்கூட இல்லை.

"தள்ளிப் போங்க. நாய் இருக்கு, மேலயே நில்லுங்க" என்று உரக்கச் சொன்னாள். பேங்க்காரர் காதில் பாட்டு மாட்டியிருந்தார். அவர் ஏன் மாட்டக் கூடாது? படியில் யாரும் இல்லை என்று அவருக்குச் சொல்லியிருந்ததே அவள்தான். அவள் செவலையை மூலைச் சுவரோடு ஒதுக்கி, அதற்கும் படிக்கும் நடுவே உடம்பை மறைப்பாக வைத்தாள். இடுப்புப் பையிலிருந்து கோழித் துண்டை ஒரு பிடி அள்ளித் தரையில் போட்டாள். செவலை குனியவில்லை. அதன் வாய் மூடிவிட்டிருந்தது. கயிற்றைத் தளர்வாகப் பிடிக்க வேண்டும், பிடிக்கிறவளின் பயம் கயிறு வழியாக நாய்க்கு இறங்கும் என்று ஏழு வீட்டிலும் பாடம் நடத்துகிறவள், கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினாள்.

வெள்ளையன் திருப்பத்தில் தலையை நீட்டியது. பார்த்தது. ஒரே தாவு. பேங்க்காரர் படியில் தடுமாறிக்கொண்டு அதன் கழுத்துப் பட்டையைப் பிடிக்கக் கையை நடுவே விட்டார். பாவம், யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். செவலை வெள்ளையனுக்கு வைத்த வாய் அவருடைய முன்கையில் விழுந்தது. கீழே சோபாக்காரர்கள் அலறினார்கள். அவள் செவலையை இடுப்போடு கட்டிப் பிடித்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அது விட்டுவிட்டது. ஒரு நொடிதான் கவ்வியிருக்கும். ஆனால் ரத்தம் மூன்றாம் மாடித் திருப்பம் வரை சொட்டியிருந்தது.

பேங்க்காரருக்கு ஐந்து தையல். சங்கச் செயலாளர் ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம் என்று பலகையில் ஒட்டிவிட்டார்.

அதற்குள் கட்டடத்தில் ஒரு கதை உருவாகிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? யாரும் பொய் சொல்லவில்லை. எல்லாரும் செய்தியைப் பார்த்துத்தான் பேசினார்கள். மூன்று மணி முப்பத்தெட்டுக்கு 'ஏறியாச்சு' என்று இருக்கிறது. ஆகவே தள்ளியக்கா வாசல் வரை போய்ச் சேர்ந்துவிட்டாள். மேலே வெள்ளையனின் மணிச் சத்தம் கேட்டதும் செவலை அவளை இழுத்துக்கொண்டு திரும்பப் படிக்கு ஓடி வந்திருக்கிறது. அவளாலேயே பிடிக்க முடியவில்லை என்றால் அது என்ன மிருகம்? பேங்க்காரரும் அதை மனசார நம்பினார். கைக்கட்டோடு வந்து அவளிடம், உனக்கு அடி ஒன்றும் படவில்லையே என்று விசாரித்துவிட்டுப் போனார். அந்த விசாரிப்பு அவளைக் கொன்றுவிட்டது.

வீட்டில் நாத்தனாரிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். நாத்தனார் கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தாள்.

"நீ பொய் சொல்ல வேண்டாம். வாயத் திறக்காம இருந்தா போதும். அவங்களே ஒரு கத வச்சிருக்காங்க, உனக்கென்ன வந்துச்சு?"

"செவலைய ஊசி போட்டுருவாங்க, அண்ணி."

"போடட்டும்னு சொல்லல. ஆனா இத நீ சொன்னேன்னு வையி, ஏழு வீட்டுல ஒரு வீடு உன்கிட்ட நாய விடுமா? உன் தொழிலே நம்பிக்கைதான். அது போச்சுன்னா மறுபடி காலர் தைக்கப் போவியா? அந்த ஆலைதான் இருக்கா?"

நாத்தனார் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. தப்பாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

சனிக்கிழமை டீச்சர் வீட்டுக்குப் போனபோது அவர் செவலையின் தடுப்பூசிச் சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் காட்டுவதற்கு. சீட்டைப் பார்த்து யார் மனம் மாறப் போகிறார்கள்? அது டீச்சருக்கும் தெரியும். செவலை வந்து இவள் காலடியில் படுத்துக்கொண்டது. இவள் அங்கேயே சொல்லிவிட வாயெடுத்தாள். தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தரைத்தளத்தில் நாற்காலி போட்டு முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். செயலாளர் நல்ல மனிதர்தான். குரலை உயர்த்தாமல், இது நம் எல்லாருக்கும் வருத்தமான விஷயம் என்று ஆரம்பித்து, முன்பு எழுதிக் கொடுத்ததை வாசித்தார். பத்து நாளில் நாயை அப்புறப்படுத்த வேண்டும் என்றார். டீச்சர் சீட்டுக் கட்டை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று செயலாளர் கேட்டார்.

தள்ளியக்கா சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். கால் நடுங்கியது. நாயின் நடுக்கத்தை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். தனக்கு வந்தபோது அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

"செவலை இழுத்துட்டு வரல. நான் வீட்டுக்குப் போய்ச் சேரவே இல்ல. கேட்லயே 'ஏறியாச்சு'ன்னு போட்டுட்டேன். படியேறிட்டு இருந்தேன். அவர் வந்ததுல தப்பில்ல, அது கடிச்சதுலயும் தப்பில்ல. தப்பு என் மேல."

பிறகு செயலாளர், அன்றைக்கு மட்டும் அப்படி ஆகிவிட்டதா என்று கேட்டார். அவர் அதைக் கேட்ட விதமே, ஆமாம் என்று சொல்லிவிடம்மா என்பது போல இருந்தது. ஒரு தலையாட்டல் போதும். யானைக்கும் அடி சறுக்கும் என்று எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

"இல்லங்க. ஆறு மாசமா."

பேங்க்காரர் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். அவர் குரல் அப்போதும் மெதுவாகத்தான் இருந்தது. "ஆறு மாசமா நான் செருப்ப மாட்டிக்கிட்டு அந்த வார்த்தைக்காக நின்னுட்டு இருந்தேன்மா" என்றார். திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

அரை மணி நேரம் பேசினார்கள். செயலாளர் முடிவைச் சொன்னார்: நாய் தன் மேல் விழுந்ததைத்தான் தடுத்திருக்கிறது, அது இருக்கட்டும், இனி கட்டடத்துக்குள் வாய்ப்பூட்டு இல்லாமல் வரக் கூடாது, அதை யார் நடத்துவது என்பதை டீச்சர் முடிவு செய்யட்டும். டீச்சர் எழுந்தார். கோலை ஊன்றி லிஃப்ட் வரை வந்தார். தள்ளியக்கா பின்னாலேயே போனாள். இருவரும் நாலாம் மாடிக்கு ஏறினார்கள். கதவுக்கு முன்னால் நின்று, டீச்சர் அவளைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"ஆறு மாசம்னா நூத்தி எண்பது நாள். காலையும் மத்தியானமும் சேத்து முன்னூத்தி அறுபது தடவ என் நாயோட உயிர வச்சு விளையாடியிருக்க. தெரியுமா உனக்கு?"

தெரியும் என்றாள்.

"சாவியக் குடு."

கொடுத்தாள். உள்ளே செவலை அவள் குரலைக் கேட்டுவிட்டுக் கதவைப் பிறாண்டிக்கொண்டு அழுதது. டீச்சர் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, கோலால் அதை உள்ளே தள்ளி, தானும் நுழைந்து சாத்திக்கொண்டார்.

நாத்தனார் சொன்னபடியே நடந்தது. திங்கட்கிழமைக்குள் ஏழில் நான்கு வீடு வேண்டாம் என்றுவிட்டது. நான்தான் சொன்னேனே என்று நாத்தனார் சொல்லவில்லை. இவள் தட்டில் இரண்டு கரண்டி அதிகமாகப் போட்டாள். இவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான்கு வீடு போனதைவிட, மூன்று மணிக்குச் செவலையை யார் கூட்டிப் போகிறார்கள் என்பதுதான் தொண்டையில் நின்றது.

யாரும் கூட்டிப் போகவில்லை. டீச்சர் இரண்டு பேரை வரவழைத்தார். ஒருவன் செவலையைப் பார்த்ததும் வாசலோடு திரும்பினான். இன்னொருத்தி உள்ளே வரை வந்து, அதன் உறுமலைக் கேட்டுப் பால்கனிக்கு ஓடிப்போய் நின்றுகொண்டாள். அவளை மீட்க டீச்சருக்கு அரை மணி ஆயிற்று. செவலையோ வீட்டுக்குள் ஒரு சொட்டு விடாத நாய். குட்டியிலிருந்து அப்படிப் பழக்கம். டீச்சர் குளியலறையில் செய்தித்தாள் விரித்தார், பால்கனியில் மண்தொட்டி வைத்தார், கெஞ்சினார், அதட்டினார். அது கதவைப் பார்த்து உட்கார்ந்தது. தண்ணீர் குடிப்பதையும் நிறுத்திவிட்டது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவளுக்குப் போன் வந்தது.

"ஞாயித்துக்கிழம காலையில போனது. இன்னும் போகல. வயிறு கல்லு மாதிரி இருக்கு. வா." கொஞ்சம் நிறுத்தி, "உன்ன மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காத" என்றார் டீச்சர்.

இரண்டு தெருவை அவள் ஓடியே கடந்தாள். நாற்பத்தாறு வயசில் அப்படி ஓடியதைப் பார்த்து, இன்றைக்கு எந்த நாய் துரத்துகிறதோ என்று கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கதவு திறந்திருந்தது. டீச்சர் செவலைக்கு மார்ப்பட்டையும் வாய்ப்பூட்டும் மாட்டித் தயாராக வைத்திருந்தார். வழக்கமாக ஐந்து நிமிஷத்தில் வாய்ப்பூட்டைப் பிய்த்தெறியப் பார்க்கிற நாய், அன்று அசையாமல் நின்றது. டீச்சர் கயிற்றை அவள் கையில் கொடுத்தார். முகத்தைப் பார்க்கவில்லை. இனி குரூப்பில் செய்தியைத் தானே போடுவதாகவும், செவலை கண்ணெதிரே வந்த பிறகுதான் போடுவதாகவும் சுவரைப் பார்த்துச் சொன்னார். சரிங்க டீச்சர் என்றாள்.

லிஃப்டில் செவலை அவள் தொடையில் தலையை வைத்து நின்றது. அதற்கு எந்தக் கூட்டமும் தெரியாது, எந்தச் செய்தியும் தெரியாது. இரண்டு நாளாக அவள் ஏன் வரவில்லை என்பது மட்டும்தான் தெரியாமல் தவித்திருந்தது.

கேட்டைத் தாண்டினார்கள். தெரு இரண்டு பக்கமும் காலி. முதல் விளக்குக் கம்பத்தை அடைந்ததும் செவலை காலைத் தூக்கிற்று. ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டு நிமிஷம் ஆயிற்று, நிற்கவில்லை. மண்ணில் ஓடை கிழித்துக்கொண்டு மூத்திரம் அவள் செருப்புக்கடியில் வந்தது. அவள் நகரவில்லை. ஒரு நாய் ஒன்றுக்குப் போவதைப் பார்த்து நடுத்தெருவில் நின்று ஒரு பொம்பளை வாய்விட்டு அழுவாளா? அவள் அழுதாள். மேலே நாலாம் மாடிப் பால்கனியில் டீச்சர் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். ஒரு கையை எடுத்து, போய்விட்டதா என்று சைகையில் கேட்டார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போய்விட்டது என்று தலையை ஆட்டினாள்.